எல்சாவா, ரெயின்போஸா, செப மேசையா?

நவம்பர் பிறந்தால் எங்கள் பள்ளிக்கூட முன்மண்டபத்தில் ஒரு சின்ன மேசை வந்துவிடும். ஊதாத் துணி, பற்றரியில் எரியும் மெழுகுதிரி (உண்மைத் திரி கொளுத்த விடமாட்டார்கள்), நடுவில் ஒரு தடித்த கொப்பி. இறந்துபோனவர்களின் பெயரைப் பிள்ளைகள் அதில் எழுதலாம். மாதம் முழுக்க அவர்களுக்காகச் செபம் நடக்கும். ஊரில் கல்லறைத் திருநாளுக்குச் சேமக்காலையில் திரி கொளுத்தி வளர்ந்த எனக்கு அந்த மேசையைக் கண்டாலே ஒரு ஆறுதல்.

சில வருடங்களுக்கு முன் நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் அந்தக் கொப்பியில் “அம்மம்மா” என்று எழுதினான். அவவின் பெயர் அவனுக்குத் தெரியாது. அதற்குக் கீழே “டடி” என்று எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தாள் கிழியும்வரை அழித்தான். தகப்பன் சாகவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் வீட்டை விட்டுப் போயிருந்தார். (பையன் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் வகுப்பு உதவியாளர். இவனை யாரிடம் அனுப்புவது என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான், செப மேசை முதல் ஆலோசகர் வரை ‘மேய்ப்புப் பணி’ என்று ஒரே மூச்சில் நாங்கள் சொல்லிவந்தவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று விளங்கியது.

மேசையும் பாவசங்கீர்த்தனமும்

செப மேசைக்குப் படிவம் இல்லை, பெற்றோர் கையெழுத்து இல்லை, காத்திருப்புப் பட்டியல் இல்லை. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் எங்களிடம் நிறையப் படிக்கிறார்கள். ஒரு சைவப் பிள்ளை தன் அப்பப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் திருநீற்றுக் குறியாக மூன்று கோடு கீறிவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். 2022இல் தொடங்கிய கத்தோலிக்கப் பள்ளி ஆய்வுக் குழுவும் சமயபாடம், வழிபாடு ஆகியவற்றோடு பள்ளியின் கத்தோலிக்க வாழ்வையும் தனியாக எடைபோடுகிறது. ஆகவே இந்த மேசை ஒரு அலங்காரம் இல்லை.

ஆனால் அது செத்தவர்களுக்கான இடம். உயிரோடு இருந்துகொண்டு வராமல் போன தகப்பனுக்கு அந்தக் கொப்பியில் வரி இல்லை. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். “கடவுள் பார்த்துக்கொள்வார்”, “அம்மம்மா மோட்சத்தில் இருக்கிறா” என்பதை நாங்கள் பெரியவர்கள் மிகச் சீக்கிரம் சொல்லிவிடுகிறோம். பிள்ளை வாய் திறக்கும் முன்னமே பதில் வந்துவிட்டால் அது பிறகு எதைக் கேட்கும்?

பாவசங்கீர்த்தனம், அதாவது சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, வேறு கதை. இங்கே பொதுவாக மூன்றாம் ஆண்டில், ஏழெட்டு வயதில், முதல் நன்மைக்கு (முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு) முன் அது நடக்கும். அப்பா போனது தன் குழப்படியால்தான் என்று நம்புகிற பிள்ளை அதையே பாவமாகச் சொல்லக்கூடும். நல்ல சுவாமியார் என்றால் “அது உன் பிழை இல்லை” என்பார். அந்த ஒரு வசனத்தின் பெறுமதி பெரிது. ஆனால் கேட்டதை அவர் வெளியே கொண்டுபோக முடியாது. எல்சாவோ (பிள்ளையின் உணர்வுகளுக்குத் துணைநிற்கும் பள்ளி உதவியாளர்) ஆலோசகரோ அதற்கு நேர்மாறு: பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆகவேண்டும், அதை முதல் நாளே பிள்ளைக்கும் சொல்லிவிடுவார்கள். இரகசியம் காக்கும் காதும், தேவைப்பட்டால் உதவிக்கு ஆள் கூப்பிடும் காதும் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இந்த வித்தியாசம் தெரியாத பெற்றோர் பலர்.

எல்சா

உணர்வுகளைப் பெயர் சொல்லிப் பேசப் பிள்ளைக்குத் துணைநிற்கும் உதவியாளர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கல்வி உளவியலாளர் ஷீலா பர்ட்டன் சவுத்தாம்ப்டன் பக்கம் தொடங்கியது. பள்ளியில் ஏற்கெனவே வேலை செய்கிற என்னைப் போன்ற ஒருவருக்குக் கல்வி உளவியலாளர்கள் ஐந்தாறு நாள் பயிற்சி கொடுப்பார்கள். பிறகும் குழுவாகக் கூட்டி மேற்பார்வை செய்வார்கள். கிழமைக்கு ஒருமுறை, அரை மணித்தியாலம் அளவில், ஒரு தவணை சொச்சம் நடக்கும். உளவளத்துணை அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள்.

இதன் பலம் மிக எளியது: அந்த ஆளைப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். சாப்பாட்டு நேரத்தில் முழங்காலுக்கு ஒட்டு போட்டவர் அவர்தான். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு ரீச்சர் சுகமில்லை என்று நின்றால் முதலில் இழுக்கப்படுவது எல்சாதான். நான் முன்பு வேலை செய்த ஒரு பள்ளியில் ஒரே தவணையில் நாலு தடவை அப்படி நடந்தது. ஐந்தாம் கிழமை அந்தப் பிள்ளை “பரவாயில்லை மிஸ், நான் வரேல்லை” என்றது. ஏற்கெனவே ஒருவர் சொல்லாமல் போன பிள்ளை அது.

ரெயின்போஸ்

1983இல் சிகாகோவில், மணமுறிவுக்குப் பின் மூன்று பையன்களோடு தனியே நின்ற சூசி யெல் மார்ட்டா தொடங்கிய, இழப்புக் கண்ட பிள்ளைகளுக்கான குழு இது. கத்தோலிக்கப் பங்குகள், பள்ளிகள் வழியாகப் பரவி அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வந்து, இன்று எல்லாச் சமயத்தவருக்கும் திறந்திருக்கிறது. சாவையும் பிரிவையும் அது ஒரே கூரையின் கீழ் எடுக்கிறது: இரண்டும் இழப்பு. ஒத்த வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர், பயிற்சி பெற்ற ஒரு பெரியவர், கிழமைக்கு ஒரு சந்திப்பு. அங்கே யாரும் புத்திமதி சொல்வதில்லை.

எங்கள் பையனுக்கு இதுதான் சரியென்று எனக்குப் பட்டது. எட்டு வயதில், ‘என் வீட்டில் மட்டும்தான் இப்படி’ என்ற நினைப்பை உடைக்க இன்னொரு எட்டு வயதுப் பிள்ளையால் முடியும், என்னால் முடியாது. ஆனால் குழு ஒக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. நடுவில் புதிதாக ஆளைச் சேர்ப்பதில்லை. இன்னொரு சிக்கல் தமிழ்க் குடும்பங்களுக்கே உரியது: பிள்ளை அந்தக் குழுவில் இருக்கிறது என்பதே வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லிவிடும். கோயில் வாசலில் கதை பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பிளேஸ் டு பி

1994இல் தொடங்கிய அறக்கட்டளை. 2013 முதல் வேல்ஸ் இளவரசி கேத்தரின் இதற்குப் புரவலர். பிள்ளைகளின் மனநல வாரத்தை 2015இல் தொடங்கியதும் இவர்கள்தான். பள்ளிக்குள்ளேயே ஆலோசகர், பயிற்சியில் இருப்பவர்களும் அவரின் கீழ் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். ஆழத்தில் மற்ற எதுவும் இதற்குக் கிட்ட வராது. செலவில் ஒரு பங்கைப் பள்ளி கட்ட வேண்டும், சின்னப் பள்ளிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

எனக்கு இதில் பிடித்தது ஒரு பெட்டி. பிள்ளை தன் பெயரைத் துண்டில் எழுதிப் போட்டால் இடைவேளையில் கூப்பிட்டுப் பேசுவார்கள். மற்ற வழிகளில் எல்லாம் பெரியவர் ஒருவர் கவனித்துத்தான் பிள்ளை உள்ளே வருகிறது. இங்கே பிள்ளையே கதவைத் தட்டலாம். சத்தமில்லாத பிள்ளைகள்தான் அதிகம் தட்டுவார்கள் என்பது என் ஊகம்.

தொடர்ச்சியான தனி ஆலோசனைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தவுடனே தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, இவனுக்கு மண்டை பிழை எண்டே சொல்லுறாங்கள்?” என்றா. இல்லையம்மா என்று விளக்கினேன். கையெழுத்து வரவில்லை. அவவைக் குறை சொல்ல மாட்டேன். புருசன் போய் மூன்று மாதம். ஆங்கிலத்தில் வருகிற ஒவ்வொரு கடிதமும் அவவுக்கு ஒரு தீர்ப்பு மாதிரி.

மிச்சம் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்.எச்.எஸ். (அரசு சுகாதார சேவை) மனநல உதவிக் குழுக்கள் 2017 டிசம்பர் அரசு ஆவணத்திலிருந்து பிறந்தவை. பள்ளிக்குச் செலவில்லை, ஆனால் எல்லாப் பள்ளிகளையும் இன்னும் எட்டவில்லை. ஆரம்பப் பள்ளி வயதுப் பதற்றத்துக்கு அவர்கள் பெரும்பாலும் பெற்றோர் வழியாகவே வேலை செய்கிறார்கள், ஆகவே தாய்க்கு ஆங்கிலம் தடுமாறினால் பாதி அங்கேயே கரைந்துவிடும். 1969இல் லண்டனில் மார்ஜரி பாக்ஸால் தொடங்கிய நேர்ச்சர் குழு அருமையானது: சின்ன அறை, இரண்டு பெரியவர்கள், சேர்ந்திருந்து பாண் வாட்டிச் சாப்பிடுவது. அது வீட்டின் ஆரம்ப அரவணைப்பே கிடைக்காத பிள்ளைகளுக்கு. எங்கள் பையனின் பிரச்சினை அது இல்லை.

பட்டியலில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்று ஒரு அதிபர் கேட்டால் எல்சா என்பேன், ஒரு நிபந்தனையோடு: அந்த அரை மணித்தியாலத்தை யாரும் தொடக்கூடாது. பிளேஸ் டு பியின் பெட்டி யோசனையைக் காசில்லாமலே கடன் வாங்கலாம். பிரிவும் சாவும் கண்ட பிள்ளைகள் நாலு பேர் தேறினால் அடுத்த செப்டம்பரில் ரெயின்போஸ். மேசை எப்போதும் இருக்கட்டும், ஆனால் அதன் பக்கத்தில் யார் என்ன எழுதுகிறார்கள், எதை அழிக்கிறார்கள் என்று பார்க்க ஒரு கண் வேண்டும்.

பையன் எல்சாவிடம்தான் போனான். முதல் மூன்று கிழமையும் பேச்சில்லை, லெகோ மட்டும். நாலாவது கிழமை இரண்டு வீடு கட்டி, நடுவே ஒரு பஸ் விட்டான். பஸ் எங்கே நிற்கும் என்று அவ கேட்டிருக்கிறா. “இன்னும் தெரியாது” என்றானாம்.

அந்த அறைக் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: “செவ்வாய் 1.15 முதல் 1.45 வரை இங்கே இருப்பவரை வேறு வகுப்புக்குக் கூப்பிட வேண்டாம்.” கீழே அதிபரின் கையெழுத்து.