அப்பாவின் காரும் அடியில் பூசிய கருப்பும்

இந்த முறை ஊருக்குப் போனது 3 வாரம். அதில் 4 நாள் அப்பாவின் காருக்கு அடியில் கழியும் என்று விமானம் ஏறும்போது நினைக்கவில்லை.

போய் இறங்கிய மறுநாள் பின்பக்க இடது கதவைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் போட்டிருந்தது. மூன்று நான்கு கொப்புளங்கள், மிளகு அளவுதான். "சின்னதுதானே, டச்சப் பண்ணிக்கலாம்" என்றார் அப்பா. நான் இருக்கும் நாட்டில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அங்கே கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கொப்புளத்தைக் கண்டால் வயிறு கலங்கும். துருவானது தான் அரித்த இரும்பைவிடச் சில மடங்கு அதிக இடம் எடுக்கும். அதனால்தான் பெயின்டை உள்ளிருந்து தள்ளுகிறது. வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ தொடங்கிவிட்டது.

"அடியில கோட்டிங் அடிச்சாச்சேப்பா, வாங்கும்போதே" என்றார் அப்பா. காரின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பூச்சைத்தான் சொன்னார். சான்றிதழ்கூட வைத்திருந்தார், பிளாஸ்டிக் உறையில் போட்டு.

சரி, அடித்தவர்களிடமே போவோம் என்று போனோம். பெயர் வேண்டாம். நல்ல வெளிச்சமான இடம், ஏசி போட்ட காத்திருப்பு அறை. காரை லிஃப்டில் ஏற்றினார்கள். அடிப்பக்கம் முழுக்கக் கருகருவென்று பளபளத்தது. "பார்த்தீங்களா சார், அப்படியே இருக்கு. ஒரு வாட்டர் வாஷ் பண்ணி மேல இன்னொரு கோட் அடிச்சிடலாம், ஒன்றரை மணி நேரம்தான்" என்றார் அங்கிருந்த இளைஞர். எனக்கும் முதலில் நம்பிக்கையாகத்தான் இருந்தது. சும்மா விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் சத்தம் மாறியது. நகத்தால் நெம்பினால் கருப்புப் படலம் உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. பின்னால் இரும்பு இல்லை, செங்கல் நிறத்தில் ஒரு சேறு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அது பழைய ஈரம் சார்" என்றார் அவர். ஈரத்தில் பழையது புதியது என்று உண்டா என்ன? காரை இறக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

தார் கலந்த கெட்டியான பூச்சில் இருக்கும் சிக்கலே இதுதான். புதிதாக இருக்கும்போது கல் தெறிப்பதைத் தாங்கும், பார்க்கவும் பலமாக இருக்கும். காலம் போகப் போக இறுகி விரிசல் விடும். விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. பூச்சே இல்லாத இரும்பாவது வெயிலில் காய்ந்துவிடும். இதற்குள் மாட்டிக்கொண்ட ஈரம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஊரில் பனி இல்லைதான், கடற்காற்று இருக்கிறதே. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்புக் கரைந்த நீரில் துருப்பிடிக்கும் வேகமும் கூடும்.

அப்புறம் நண்பன் ஒருவன் சொல்லி ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனோம். அங்கே ஏசி அறை கிடையாது. உட்கார நாற்காலி ஒன்றுதான், அதிலும் ஒரு சைலன்சர் கிடந்தது. மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எத்தனை நாள் இங்க நிக்கும் தம்பி?"

"ஒரு நாள் போதாதாண்ணே?"

"கழுவ ஒரு நாள், காய ஒரு நாள், அடிக்க ஒரு நாள். காயாம அடிக்கணும்னா வேற இடம் பாத்துக்குங்க."

அந்தப் பதிலுக்காகவே சாவியைக் கொடுத்தேன்.

முதல் நாள் நான்கு சக்கரமும் கழன்றது. சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்புகள், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தட்டு, எல்லாம் கழன்றன. மறைப்புகளுக்குப் பின்னால் இருந்து ஒரு சட்டி நிறைய மணலும் மக்கிய இலையும் விழுந்தது. மழை பெய்தால் இந்த மண் நனைந்து நாள் கணக்கில் இரும்பை ஒட்டியே இருக்கும். முதலில் போன இடத்தில் இந்த மறைப்பைக் கழற்றும் பேச்சே எழவில்லை. பழைய தார்ப் பூச்சை ஹீட் கன்னால் இளக்கித் தகட்டால் சுரண்டினார்கள். நன்றாகப் பிடித்திருந்த இடங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அப்புறம் சுடுநீரில் பிரஷர் வாஷ், கறுப்பாக ஓடிய தண்ணீர் தெளிவாகும்வரை.

இரண்டாம் நாள் நடந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் காரிலும் கதவின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வடிந்து போகத்தான் அவை. கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் குழல் போன்ற பகுதியிலும் அதே மாதிரி துளைகள் உண்டு. மேஸ்திரி ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பின் கதவின் அடியில் துழாவி, கருப்புப் பூச்சைக் குத்தினார். அரை குவளைத் தண்ணீர் கொட்டியது. முன்பு அடித்தவர்கள் வடிகால் துளையையே பூசி மூடியிருக்கிறார்கள்! கதவில் வந்த கொப்புளத்துக்குக் காரணம் துருவைத் தடுக்க அடித்த அந்தப் பூச்சுதான். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தச் சான்றிதழை அன்று இரவு எங்கே வைத்தாரோ, அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

துளைகளையெல்லாம் திறந்துவிட்டு, காற்றுக் குழாயை உள்ளே விட்டு ஊதி, ஃபேன் போட்டுக் காயவிட்டார்கள். நடுவில் சுத்தியலால் தட்டித் தட்டிச் சோதனை. மேலோட்டமான துரு கம்பி பிரஷ்ஷுக்கும் உப்புத்தாளுக்கும் போய்விட்டது. செதில் செதிலாக உரிந்த இடங்களைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ஒரு திரவத்தைத் தடவினார்கள். பழுப்புத் துரு கண்ணெதிரே கருத்தது. மிச்சமிருக்கும் துருவை அது இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும், ஆனால் உதிரும் செதிலுக்கு மேல் தடவினால் பயனில்லை. காய்ந்ததும் பிரைமர்.

ஜாக் வைக்கும் இடம் ஒன்றில் மட்டும் சுத்தியல் சத்தம் மெத்தென்று கேட்டது. "இதுக்கு மேல பூசினா உங்களை ஏமாத்துறேன்னு அர்த்தம்" என்று வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். கோட்டிங் அடிப்பதற்கு முன்பே வெல்டிங் முடிந்துவிட வேண்டும். கோட்டிங்காக உள்ளே அடிக்கும் மெழுகு இருக்கும்போது நெருப்பு வைத்தால் பற்றிக்கொள்ளும். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயும் அரித்துப்போயிருந்தது. அதையும் மாற்றினோம். கார் முழுக்கத் துருப்பிடித்தாலும் ஓடும், பிரேக் குழாய் வெடித்தால் நிற்காது. அதைப் பார்த்ததற்கே மொத்தச் செலவும் தகும் என்று தோன்றியது.

இதற்கிடையில் அத்தான் போன் செய்து, பேட்டரியில் மாட்டினால் துருவே வராத ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி இருப்பதாகச் சொன்னார். கப்பல்களுக்கு இதைத்தான் செய்கிறார்களாம். கப்பல் கதை உண்மைதான். 1824இலேயே ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கப்பலின் அடியில் வேய்ந்த செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்து அரிப்பை நிறுத்திக் காட்டினார். (செம்பு கரையாமல் போனதால் அடிப்பக்கத்தில் சிப்பியும் பாசியும் மண்டிக் கப்பலின் வேகம் குறைந்தது தனிக் கதை.) ஆனால் கப்பல் கடலில் மூழ்கி நிற்கிறது, மின்னோட்டம் போய்வர உப்புநீர் சுற்றிலும் இருக்கிறது. காரைச் சுற்றி இருப்பது காற்று. அத்தானிடம் இதை விளக்க அரை மணி நேரம் ஆனது. அவர் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மூன்றாம் நாள் அடித்திருக்க வேண்டியது, மின்சாரம் போய் நான்காம் நாளுக்குத் தள்ளிப்போனது. அடிப்பதற்கு முன் மூடுவதுதான் பெரிய வேலை. பிரேக் டிஸ்க், காலிப்பர், சைலன்சர், சென்சார், ஆக்ஸில் ரப்பர் உறைகள், எல்லாவற்றுக்கும் காகிதமும் டேப்பும். டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, சைலன்சரில் பட்டால் புகையும்.

பிறகு நீளக் குழாயின் முனையில் எல்லாப் பக்கமும் தெளிக்கும் நாசிலை மாட்டி, கதவுக்குள்ளும் அந்தக் குழல் பகுதிக்குள்ளும் மெழுகு அடித்தார்கள். புதிதாகத் துளை போடவில்லை. ஏற்கெனவே இருந்த ரப்பர் மூடிகளைக் கழற்றி, அடித்துவிட்டு, திரும்ப மாட்டினார்கள். துரு பெரும்பாலும் உள்ளிருந்து வருவதால், அடிப்பாகத்தை மட்டும் பூசுவது பாதி வேலைதான். அடியிலும் தாருக்குப் பதில் மெழுகு வகையே கேட்டேன். அது இறுகாமல் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், கீறல் பட்டால் தானே ஓரளவு கூடிக்கொள்ளும். ஆட்டு ரோமக் கொழுப்பில் செய்த வகையும் வைத்திருந்தார். அது மெல்லிசாக ஊடுருவும், ஆனால் தண்ணீர் படும் இடங்களில் வருடா வருடம் அடிக்க வேண்டும். அப்பா அதற்கெல்லாம் போகமாட்டார் என்று தெரியும்.

கடைசியில் அதே ஸ்க்ரூடிரைவரோடு வந்து வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திக் காட்டினார். நான் கேட்காமலே.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. எங்கே என்ன செய்தார்கள் என்று எழுதித் தரும் வழக்கம் அங்கே இல்லை. படமெல்லாம் நான் எடுத்ததுதான். நீங்கள் செய்வதானால் கழுவிய பின்னும், பிரைமர் அடித்த பின்னும், பூச்சுக்குப் பின்னும் நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுவனத்தின் துரு வாரண்டியை நம்பியிருந்தால் அதையும் முதலில் படித்துவிடுங்கள். பெரும்பாலும் உள்ளிருந்து அரித்துத் தகட்டில் ஓட்டை விழுந்தால்தான் அது செல்லும், மேல் துருவுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் தரையில் மெழுகு சொட்டியது. அப்பா பழைய செய்தித்தாள் விரித்து வைத்தார். காருக்குள் ஒரு வாரம் மெழுகு வாடை, கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினோம். ஒரு சக்கர வளைவு மறைப்பில் கிளிப் ஒன்றை மாட்ட மறந்துவிட்டார்கள், வேகம் கூடினால் படபடவென்று அடிக்கிறது. நான் கிளம்புவதற்குள் சரிசெய்ய நேரமில்லை. போன வாரம் போனில் கேட்டேன். இன்னும் அடிக்கிறதாம். "அது கிடக்கட்டும்ப்பா, ரோட்டுல சத்தத்துக்கா பஞ்சம்? கதவைத் திறந்து துளையைக் குத்திப் பாத்தேன், தண்ணி நிக்கல" என்றார்.