ஆகாசவாணியின் ராகம்: எப்போது திருப்பினாலும் சங்கீதம்

கர்நாடகமோ ஹிந்துஸ்தானியோ, நாள் முழுக்க சாஸ்திரிய சங்கீதம் மட்டும் வேண்டுமென்றால் ஆகாசவாணியின் ‘ராகம்’ அலைவரிசைதான் என் முதல் சிபாரிசு. 2016 குடியரசு தினத்தன்று பெங்களூரிலிருந்து ஆரம்பித்தது; நியூஸ் ஆன் ஏர் செயலியில் காசில்லாமல் கேட்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டுடியோ கச்சேரிகள். கைதட்டல் கிடையாது, செல்போன் மணி கிடையாது, அடியில் ஓடும் தம்பூரா சுருதிகூடத் தனியாகக் காதில் விழும், அப்புறம் நேரக் கட்டுப்பாடு இருப்பதால் வித்வான்கள் ஆலாபனையை (பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரிப்பது) வளவளவென்று இழுக்காமல் நறுக்கென்று முடித்துக் கிருதிக்கு, அதாவது பாட்டுக்கு, போய்விடுவார்கள். பழைய நாடாப் பதிவுகளில் லேசான இரைச்சல் உண்டு, ஹெட்போனில் தெரியும். பரவாயில்லை, அந்தக் குரல்களுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். ராகத்தையும் ஒரு வரிப் பல்லவியையும் விஸ்தாரமாக விரித்துப் பாடும் ராகம் தானம் பல்லவிதான் வேண்டுமென்றால், சரி, சபாவுக்குக் கிளம்புங்கள்.