அடாஃப்ரூட் ஐஓ இலவசக் கணக்கு: மூன்று போர்டு வரை தாராளம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் கீசரின் வெப்பம், மழைநீர்த் தொட்டியின் மட்டம், இன்வெர்ட்டர் பேட்டரியின் மின்னழுத்தம் ஆகியவற்றைக் கவனிக்க வைஃபை வசதியுள்ள சிறு மின்னணுப் பலகைகளான இஎஸ்பி32 போர்டுகளை நானே இணைத்து, அளவுகளை இணையத்தில் சேமித்துக் காட்டும் அடாஃப்ரூட் ஐஓ தளத்தின் இலவசக் கணக்குக்கு அனுப்பி வருகிறேன். அக்கணக்கில் 10 ஃபீடுகளும் (ஒவ்வொரு வகை அளவுக்கும் ஒரு வரிசை) 5 டாஷ்போர்டுகளும் (அவற்றைக் காட்டும் திரைகள்) கிடைக்கின்றன. நிமிடத்துக்கு 30 அளவுகளுக்கு மேல் அனுப்ப முடியாது. அனுப்பியவை 30 நாட்கள் மட்டுமே சேமிப்பில் இருக்கும்.

இவற்றுள் உண்மையில் உறைப்பது நிமிடக் கணக்குதான், ஏனெனில் அது போர்டுக்குப் போர்டு தனி வரம்பன்று, கணக்கு முழுவதற்கும் பொதுவானது. ஒவ்வொரு போர்டும் 15 நொடிக்கொருமுறை இரண்டு அளவுகளை அனுப்பினால் நிமிடத்துக்கு 8 ஆகிறது. மூன்று போர்டுகள் 24-இல் அடங்கின. கறிவேப்பிலைச் செடியின் மண் ஈரத்தையும் வெப்பத்தையும் அறிய நான்காவதைச் சேர்த்த அன்றே 32 ஆகிவிட்டது. பிழை என்னுடையதே. ஒரு கீசர் நிறையத் தண்ணீர் 15 நொடியில் ஆறிவிடுமா என்ன? அரை டிகிரி மாறினால் மட்டும் அனுப்புமாறு நிரலைத் திருத்திய பிறகு வரம்பில் பாதியைக்கூட நான் தொடுவதில்லை. லோட்ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது எல்லாப் போர்டுகளும் ஒரே நொடியில் விழித்துக் கொள்வதால், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தாமதம் கொடுக்கவும் வேண்டியிருந்தது. வரம்பு மீறும்போது போர்டுகள் தளத்தோடு பேசும் எம்க்யூடிடி என்ற செய்தி முறை வழியாக எச்சரிக்கை வருகிறது. அதைப் படிக்கும் வரியை முதல் நாளே எழுதிக்கொள்வது நல்லது.

கட்டணக் கணக்குக்கு மாதம் 10 டாலர், ஆண்டுக்கு 99 டாலர். எங்கள் நாணயமான ராண்டில் மாற்றினால் மாதச் சந்தா கிட்டத்தட்ட இன்னொரு போர்டின் விலையாகிறது, ராண்ட் சரிந்தால் அதுவும் ஏறும். அதற்கு நிமிடத்துக்கு 60 அளவுகளும் வரம்பில்லாத ஃபீடுகளும் கிடைக்கின்றன என்றாலும், சேமிப்பு 60 நாட்கள்தான். ஜூன் குளிரில் கீசர் ஆறும் வேகத்தை ஜனவரி வெக்கையோடு ஒப்பிட விரும்பும் எனக்கு அது 30 நாளைவிட எவ்விதத்திலும் மேலன்று. ஆகவே மாதம் ஒருமுறை தரவை சிஎஸ்வி என்னும் அட்டவணைக் கோப்பாக இறக்கி வைக்கிறேன். இலவசக் கணக்கிலேயே அது முடிகிறது.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினி கைவசம் உள்ளவர்கள் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கண்காணிப்பு மென்பொருளை வீட்டிலேயே நிறுவி இந்த எண்ணிக்கைகளிலிருந்து விடுபடலாம். ஆனால் லோட்ஷெட்டிங்கில் அதற்கும் பேட்டரி தேவை. வெளியிலிருந்து பார்ப்பதற்கான வழியையும் நாமே அமைக்க வேண்டும், அல்லது அதற்கொரு சந்தா கட்ட வேண்டும். எனக்கு இப்போது மீதமிருப்பவை 2 ஃபீடுகள். மாதம் 3 டாலருக்கு 20 ஃபீடு தரும் நடுப்படி ஒன்று இருந்தால் இன்றே கட்டிவிடுவேன். பூஜ்யத்திலிருந்து நேரே பத்துக்குத் தாவச் சொல்வதால்தான் இலவசத்திலேயே நிற்கிறேன்.