காங்கேயம் பக்கம் மாட்டுத் தோட்டத்துக்குப் போக எந்த மாதம் சரி: பொங்கலா, சித்திரையா, ஆடியா, கார்த்திகையா?

காங்கேயம் மாட்டை அதன் ஊரிலேயே பார்க்க வேண்டும், தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இரண்டு நாள் தங்க வேண்டும், எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் பொங்கலுக்குப் போ என்றுதான் சொல்வார்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு என்றாலே பொங்கல்தான் ஞாபகத்துக்கு வருகிறது, அதில் தப்பில்லை. ஆனால் என் ஓட்டு கார்த்திகைக்கு. ஏன் என்று சொல்ல, முதலில் கொரங்காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கொரங்காடு என்பது அந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலம். செம்மண், சரளை. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல் மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். வேலி அடர்த்தியாக இருக்கிறவரை மாட்டுக்குப் பின்னால் ஆள் நடக்க வேண்டியதில்லை, உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் அதுபாட்டுக்கு மேயும். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். இதெல்லாம் வானத்தை நம்பிய பிழைப்பு. மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே பேருக்குத்தான் எட்டிப் பார்க்கும், பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழைதான் வருசம் முழுக்கச் சோறு போடுகிறது. அதனால் எந்த மாதம் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் பச்சைக் காட்டைப் பார்ப்பீர்களா, காய்ந்த குச்சியைப் பார்ப்பீர்களா என்பது முடிவாகும்.

சரி, பொங்கல். அதன் அழகே தனி. போகியன்று வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூ சேர்த்துக் கட்டும் காப்புக்கட்டு, மாட்டுப் பொங்கலன்று பட்டியில் மண்ணும் சாணியும் குழைத்துக் கட்டிய சின்னத் தெப்பக்குளம், அதை மாட்டை விட்டு மிதிக்க வைப்பது, "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டு பட்டியைச் சுற்றி வருவது. குழந்தைகள் இருந்தால் இதைக் காட்டாமல் விடக்கூடாது. ஆனால் அது வீட்டுக்காரர்களின் நோம்பி, அதாவது பண்டிகை. பங்காளி, மாமன் மச்சான் என்று சாளை நிறைய ஆள் இருக்கும், நீங்கள் அதில் ஒரு விருந்தாளி, மாட்டைப் பற்றி ஒருவரை உட்கார வைத்து நிதானமாகக் கேட்க முடியாது. மாடும் அன்றைக்குக் குளித்து, கொம்பில் வர்ணம் பூசி, மாலை போட்டு நிற்கும், மேயாது. காட்டில் புல்லும் அதற்குள் பழுத்து மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். தைப்பூசத்தை ஒட்டிப் போனால் பழனிக்கு நடக்கிறவர்கள் ரோட்டோரம் நெடுக இருப்பார்கள், ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் பார்த்து ஓட்டுங்கள்.

சித்திரைக்கு ஒரே காரணம் கண்ணபுரம் தேர்ச் சந்தை. மாரியம்மன் கோவில் திருவிழாவை ஒட்டிக் கூடும் இந்தச் சந்தைக்குக் காங்கேயம் மாட்டை ஆசையாக வளர்க்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். மயிலை (சாம்பல்), செவலை (சிவப்பு), காரி (கறுப்பு) எல்லாம் வரிசையாகக் கட்டியிருக்கும். வாங்குகிறவர் வாயைப் பிளந்து பல் பார்ப்பார், இரண்டு பல்லா நாலு பல்லா என்பதில்தான் வயசு தெரியும், அப்புறம் உடம்பில் முடிச் சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். கடைசியில் இரண்டு கை ஒரு துண்டுக்குள் போகும். விலை முழுவதும் விரலைப் பிடித்தே நடக்கும், பக்கத்தில் நிற்கிற உங்களுக்கு ஒரு எண்ணும் தெரியாது, அவர்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். தெளுவும் (பதநீர்) நுங்கும் அந்த மாதங்களில்தான் கிடைக்கும், அது தனி லாபம்.

ஆனால் தங்குவதற்குச் சித்திரை ஆகாது. பத்து மணிக்கு மேல் வெளியே கால் வைக்க முடியாது. கிளுவை இலையெல்லாம் கொட்டி வேலி செத்த குச்சி மாதிரி நிற்கும், மாடு உதிர்ந்த வெள்வேலங்காயைப் பொறுக்கித் தின்றுகொண்டு நிழல் நிழலாக ஒதுங்கும். வறட்சியில் அந்தக் காய் எவ்வளவு பெரிய தீவனம் என்று தெரிந்தவர்களுக்கு அதுவே ஒரு காட்சிதான். முதல் முறை வருகிறவருக்கு அது வெறும் பொட்டல்காடு. சந்தையைப் பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுங்கள்.

ஆடி? காற்று, காற்று, இன்னும் கொஞ்சம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது, தாராபுரம் உடுமலை நெடுகக் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. வெயில் உறைக்காது, ராத்திரி கட்டிலை வெளியில் போட்டால் கொசு அண்டாது, அது மட்டும் சுகம். மற்றபடி கண்ணெல்லாம் புழுதி, காட்டில் புல் இல்லை. ஆடியில் கிளம்பியே ஆக வேண்டுமென்றால் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையைக் குறி வைத்துப் போங்கள், மாட்டோடு குதிரையும் பார்க்கலாம், ஆனால் அது வேறு பயணம்.

இப்போது கார்த்திகை. ஐப்பசி அடைமழையில் போய்விடாதீர்கள். செம்மண் பாதையில் கார் இறங்காது என்பது ஒருபக்கம், மழை விழுந்த முதல் சில வாரம் புல் வேர் பிடிக்கட்டும் என்று காட்டுக்குள் மாட்டை விடவும் மாட்டார்கள், பட்டியில் சோளத்தட்டு மெல்லும் மாட்டைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். மழை ஓய்ந்து படல் திறந்த பிறகு போனால் கதையே வேறு. கிளுவை தளிர்த்து வேலி பச்சைச் சுவராகிவிடும், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவில் நரிப்பயறு கொடி ஓடியிருக்கும், விடிகாலையில் பனி சொட்டும் புல்லை மாடு நாக்கால் சுருட்டி இழுக்கும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கமே கேட்கும். மயிலம்பாடி செம்மறியும் கூடவே மேயும். கன்று இருந்தால் கவனியுங்கள், காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், சில மாதங்களில்தான் வெளுக்கும், சாம்பல் நிறத் தாய்க்குப் பக்கத்தில் சிவப்புக் கன்று நிற்பதைப் பார்த்து வேறு மாட்டின் கன்றோ என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். முக்கியமாக, நோம்பியும் சந்தையும் இல்லாததால் தோட்டத்துக்காரர் உங்களோடு வேலியோரமாக நடப்பார், எந்தக் காளையை எதற்காக விற்காமல் வைத்திருக்கிறார் என்று அவரே சொல்வார்.

குறை இல்லாமல் இல்லை. உண்ணி உண்டு, பூச்சிபொட்டு உண்டு, பாம்பும் இருக்கும், புல்லுக்குள் செருப்போடு நடக்காமல் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று இரண்டு நாள் மழை பிடித்தால் சாளைத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பாலும் மோருமாக வழியும் என்று எந்த மாதத்திலும் எதிர்பார்க்க வேண்டாம், இது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், கன்றுக்குப் போக வீட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

வருசத்தில் ஒரே ஒரு தடவைதான் லீவு கிடைக்கும், அதுவும் பொங்கலுக்குத்தான் என்றால் போகிக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்விடுங்கள், கூட்டம் சேர்வதற்குள் காட்டைப் பார்த்துவிடலாம். மற்றவர்கள் கார்த்திகை பாதிக்கு மேல், மார்கழி பாதிக்குள் ஏதாவது இரண்டு நாள். கிளம்பும் முன் போன் போட்டு, ரூம் இருக்கா என்று கேட்பதற்கு முன்னால், காட்டில் மாடு விட்டாச்சுங்களா என்று கேளுங்கள். இன்னும் இல்லை என்றால் பத்து நாள் தள்ளிப் போடுங்கள்.