வெள்ளியா, கல்லா? நவஹோ காப்பின் இரண்டு வழிகள்

நவஹோக்கள் அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பூர்வகுடி மக்கள். நவஹோ நகை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கனமான வெள்ளிக் காப்பும் அதன் நடுவில் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லும்தான். இன்றைய பட்டறைகளில் அந்தக் காப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்றில் வெள்ளிதான் எல்லாம். கல் இல்லாவிட்டாலும் குறை தெரியாது. மற்றொன்றில் கல்தான் எல்லாம். வெள்ளியோ தங்கமோ அதைத் தாங்கும் சட்டம் மட்டுமே. முதலாவதைப் பாரம்பரியம் என்றும் இரண்டாவதை நவீனம் என்றும் விற்பவர்கள் சொல்வார்கள். எனக்குச் சந்தேகமே அங்கேதான்.

வெள்ளியை முதலில் பார்ப்போம். நவஹோக்கள் வெள்ளியைத் தொட்டு நூற்றைம்பது வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அட்சிடி சானி என்ற கொல்லர் மெக்சிகோக்காரர் ஒருவரிடம் இரும்பு வேலை கற்று, பிறகு வெள்ளிக்கு வந்தார். அமெரிக்க ராணுவம் 1864 முதல் நியூ மெக்சிகோவின் பாஸ்க் ரெடோண்டோ முகாமில் அடைத்து வைத்திருந்த மக்கள் 1868இல் ஊர் திரும்பிய பின்புதான் தொழில் பரவியது. வெள்ளிக்கு எங்கே போவது? டாலர், பெசோ நாணயங்களை உருக்கினார்கள். தகட்டில் அச்சு குத்தும் முறை மெக்சிகோ தோல் வேலையிலிருந்து வந்தது. ஸ்குவாஷ் பிளாசம் என்ற, பூ வடிவ வெள்ளி மணி மாலையின் அடியில் தொங்கும் நாஜா என்ற பிறை ஸ்பானியக் குதிரையின் கடிவாளத்தில் இருந்தது. ஸ்பானியர்களுக்கு அது மூர்கள் என்ற வட ஆப்பிரிக்க முஸ்லிம்களிடமிருந்து கிடைத்தது. மொத்தத்தில் எல்லாமே இரவல், ஆனால் இரவல் என்று இன்று யாரும் சொல்ல முடியாத அளவுக்குச் சொந்தமாகிவிட்டது.

இந்த வழியில் இன்று நான் முதலில் சொல்லும் பெயர் பெர்ரி ஷார்ட்டி. ஆலைத் தகட்டை வாங்காமல், நாணய வெள்ளியை உருக்கிக் கட்டியாக வார்த்து, அடித்துத் தகடாக்கிய பிறகே அச்சை எடுக்கிறவர். சுத்தியல் பட்ட தகட்டுக்கு ஆலைத் தகட்டில் இல்லாத ஒரு உயிர் உண்டு. இந்தப் பக்கத்திலேயே வேறு மாதிரியானவர் கென்னத் பெகே (1913–1977). ஒயிட் ஹோகன் கடையில் வேலை செய்த காலத்தில் அலங்காரத்தைக் குறைத்து, வழுவழுப்பான வெள்ளியும் சுத்தமான கோடுமே போதும் என்று காட்டினார். பழைய வழிக்குள் இருந்துகொண்டே புதுமை செய்தவர் என்றால் அவர்தான்.

கல் வழிக்குக் கதவைத் திறந்தவர் நவஹோவே அல்ல, பக்கத்துப் பூர்வகுடியான ஹோபி இனத்தின் சார்லஸ் லோலோமா (1921–1991). மட்பாண்டம் படித்தவர். மேட்டு நிலத்தின் பாறை அடுக்குகளைப் போலக் கற்களை ஏற்ற இறக்கமாக நிறுத்தினார். லாபிஸ் என்ற நீலக்கல், பவளம், தந்தம், இரும்புமரம், தங்கம் எல்லாம் கலந்தார். ‘இது அமெரிக்க இந்திய நகை மாதிரியே இல்லை’ என்று கேலப் ஊரின் பூர்வகுடிக் கலை விழாவில் அவர் வேலையைத் திருப்பி அனுப்பிய கதை பிரபலம். காப்பின் உட்புறத்திலும் கல் பதித்தார். போட்டிருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

அதன் பிறகு வந்த நவஹோ கைகளைப் பாருங்கள். லீ யாசி சோளக்கதிர் மணிகளைப் போலக் கல் செதுக்கிப் பதிப்பவர். அவரும் தம்பி ரேமண்டும் அவர்கள் குடும்பமும் செய்தவற்றை 2014இல் நியூயார்க்கில் தேசிய அமெரிக்க இந்திய அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியாக வைத்தது. ஜெசி மொனொங்யா விரலளவு இடத்தில் நிலாவும் நட்சத்திரமும் பால்வீதியுமாக ஒரு இரவையே பதித்தவர்.

சரி, இதை நவீனம் என்கிறோமே? நவஹோ தோற்றக் கதையில் கிழக்குக்கு வெண்சங்கு, தெற்குக்கு டர்க்காய்ஸ், மேற்குக்கு அபலோன் சிப்பி, வடக்குக்கு ஜெட் என்னும் கறுப்புக் கல். அந்தக் கதையின் நான்கு திசையில் வெள்ளிக்கு இடமில்லை. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில், பியூப்லோ பொனிட்டோ என்ற பழங்குடியிருப்பின் இடிபாடுகளில் கிடைத்த, டர்க்காய்ஸ் கண் வைத்த ஜெட் தவளை, வெள்ளி அங்கே வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. அது பியூப்லோ மக்களின் வேலை, நவஹோ வேலை அல்ல. ஆனாலும் அந்த மண்ணில் கல் பதிப்புக்கு எவ்வளவு வயது என்று அது சொல்கிறது. ‘நவீன’ வழிதான் பழையது, ‘பாரம்பரிய’ வழிதான் புதியது.

இரண்டு தகட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைக்கும் ஓவர்லே என்ற மூன்றாவது முறையும் உண்டு. அது ஹோபிகளின் அடையாளம் என்பதால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

வாங்குகிறவருக்கு வித்தியாசம் வேறு இடத்தில். வெள்ளிக் காப்பில் தவறை மறைக்க முடியாது: அச்சு ஒரு அடியில் விழ வேண்டும், நழுவினால் நழுவியதுதான். வரிசை கோணாமல் இருக்கிறதா, ஓரம் எவ்வளவு தடிப்பு என்று பாருங்கள். குழிகளில் உள்ள கறுப்பு அழுக்கல்ல, வேண்டுமென்றே விட்டது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். கல் பதிப்பில் இடுக்குகளைப் பாருங்கள். நல்ல வேலையில் நகம்கூட இடறாது. மலிவு வேலையில் பசையும் பொடியும் நிரப்பியிருக்கும், கல் என்று பெயர் சொல்லிச் சாயமேற்றிய பிளாஸ்டிக் கட்டியும் வரும். கல் பதித்த காப்பை அகட்டிப் போடக் கூடாது, கல் தெறித்துவிடும். நவஹோ செய்யாததை நவஹோ செய்தது என்று விற்பது 1990 சட்டப்படி அமெரிக்காவில் குற்றம். எந்த வழி நகையானாலும் செய்தவர் பெயரைக் கேளுங்கள்.

தினமும் கையில் கிடக்க வேண்டும் என்றால் நான் அச்சு குத்திய வெள்ளியையே எடுப்பேன். அடிபட அடிபட அழகாகும். கண்ணாடிப் பெட்டி முன் மணிக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் மொனொங்யாவின் இரவு வானம்.