ஸ்கோபஸில் பெயர் இருக்கிறது என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்

பார்ட் டைம் பிஎச்டி செய்துகொண்டு, சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் தரும் ஆய்வுச் சுருக்கம்) கொடுக்க இன்னும் ஒரு பேப்பர் குறைகிறதே என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரிசர்ச் ஸ்காலர் வாட்ஸ்அப் குழுக்களில் "ஸ்கோபஸ் பப்ளிகேஷன், 20 நாளில் அக்செப்டன்ஸ், அக்செப்டன்ஸ் வந்த பிறகு பணம் கட்டினால் போதும்" என்று ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களையும் அவற்றில் வரும் கட்டுரைகளையும் தொகுத்துப் பட்டியலிடும் தரவுத்தளம். எனக்கு அதில் போனது 28,000 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு, வருடக் கணக்கில் லேபில் செய்த வேலை எவனோ ஒருவனுடைய தளத்தில் போய் மாட்டிக்கொண்டது.

என் பேப்பர் காசு கொடுத்து எழுதி வாங்கியது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைல்ட் ஸ்டீல் துண்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, ஆவாரை இலைச் சாறு சேர்த்தால் அரிப்பு எவ்வளவு குறைகிறது என்று எடை இழப்பு முறையில் அளந்தது. எங்கள் கல்லூரியில் இம்பீடன்ஸ் (அரிப்பை மின்வழியில் அளக்கும் முறை) எடுக்கும் கருவி கிடையாது, வேறொரு கல்லூரியில் சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி எடுத்துவந்த ரீடிங் அத்தனையும் அதில் இருக்கிறது.

"அனுப்பும் முன் சரிபார்த்திருக்க வேண்டாமா" என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பார்த்தேன். பார்க்கச் சொல்லும் எல்லாவற்றையும் பார்த்தேன். இதழின் பெயர் ஸ்கோபஸில் இருந்தது, ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்) பொருந்தியது, சைட்ஸ்கோர் (மேற்கோள்களை வைத்து ஸ்கோபஸ் தரும் மதிப்பெண்) இருந்தது, ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள் நிஜமான பேராசிரியர்கள். கிழக்கு ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் சின்ன இதழ். விளம்பரம் போட்ட ஏஜென்ட் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் பொய்: அவன் அனுப்பிய லிங்க். அது அந்த இதழின் தளமே இல்லை. அதே பெயர், அதே ஐஎஸ்எஸ்என், அதே அட்டைப்படம் போட்டு வேறு யாரோ நடத்தும் நகல்.

ரெவ்யூ என்று வந்தது இரண்டு வரி. அப்ஸ்ட்ராக்டைச் சுருக்கவும், படங்களின் தெளிவைக் கூட்டவும், அவ்வளவுதான். அரிப்பைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. உடனே அக்செப்டன்ஸ் லெட்டர், "பைனான்ஸ் மேனேஜர்" என்று ஒரு தனிநபர் பெயரில் ஜிபே எண், பணம் போனதும் பேப்பர் டிஓஐ எண்ணோடு (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) தளத்தில் ஏறிவிட்டது. டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில் ஸ்கோபஸ் லிங்க் கேட்டார்கள். ஏஜென்டிடம் கேட்டால் "இன்டெக்ஸ் ஆக ரெண்டு மாசம் ஆகும் சார், எல்லா ஜர்னலும் அப்படித்தான்" என்றான். நிஜ இதழ்களிலும் தாமதம் ஆகும் என்பதால் அதை மறுத்துப் பேசவும் முடியவில்லை.

கடைசியில் எங்கள் கல்லூரி நூலகர்தான் அந்த டிஓஐ எண்ணை டிஓஐ தளத்தில் போட்டுப் பார்த்தார். அப்படி ஓர் எண்ணே பதிவில் இல்லை. பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அதில் இருந்த முகவரிக்கு நான் மெயில் போட்டேன். எடிட்டரே பதில் எழுதினார்: நாங்கள் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, அந்தத் தளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை, உங்களைப் போலப் பலர் இந்தியாவிலிருந்து எழுதுகிறார்கள்.

இது புதுத் தொழிலும் இல்லை. 2013-லேயே ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட்டிலிருந்து வரும் வுல்ஃபீனியா என்ற தாவரவியல் இதழுக்கும், ஜெனீவாவின் ஆர்ஷிவ் தே சியான்ஸ் இதழுக்கும் போலித் தளம் போட்டு ஆராய்ச்சியாளர்களிடம் பணம் கறந்த கதை வெளிவந்தது. தாவரவியல் இதழின் பெயரில் எந்தத் துறைப் பேப்பர் வந்தாலும் போட்டார்கள். சில கும்பல்கள் புதுத் தளம்கூடத் தொடங்குவதில்லை, இதழ்க்காரர்கள் டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் அதே முகவரியை வாங்கிவிடுகிறார்கள். அது எவ்வளவு சுலபம் என்று காட்ட, 2015-ல் ஜான் பொஹனன் என்ற அறிவியல் செய்தியாளர் குரோஷிய இதழ் ஒன்றின் காலாவதியான முகவரியைத் தானே வாங்கிக் காட்டினார்.

ஸ்கோபஸில் இருந்தால் பாதுகாப்பு என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். இந்தப் போலி இதழ்களைப் பல வருடமாகத் துரத்தும் அன்னா அபால்கினா என்ற ஆய்வாளர், இப்படிக் கடத்தப்பட்ட 67 இதழ்கள் ஸ்கோபஸுக்குள்ளேயே ஊடுருவியிருந்ததை 2023-ல் எடுத்துக்காட்டினார். சிலவற்றுக்கு ஸ்கோபஸ் கொடுத்திருந்த இணைப்பே போலித் தளத்துக்குத்தான் போனது. அந்த வருடக் கடைசியில் இதழ்களின் முகப்புப் பக்க இணைப்புகளையே ஸ்கோபஸ் எடுத்துவிட்டது.

பணம் போனதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். நல்ல இதழ் ஒன்றுக்கு மறுபடி அனுப்பலாம் என்று சிமிலாரிட்டி செக் (ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் சோதனை) போட்டால், என் பேப்பர் என் பேப்பரோடு கிட்டத்தட்ட முழுசாகப் பொருந்துகிறது. ஏற்கெனவே வெளியானது என்று எந்த எடிட்டரும் தள்ளிவிடுவார். எடுத்துவிடச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதினால், வித்டிராயல் கட்டணம் 400 டாலர் என்று பதில் வருகிறது! பெற்ற பிள்ளையைப் பணயம் கட்டி மீட்கிற மாதிரி. கட்டவில்லை, கட்டவும் கூடாது. கட்டினால் எடுப்பான் என்று என்ன நிச்சயம்?

இன்னொன்றும் நடந்தது. சில மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தால், என் பெயருக்கும் என் கைடு பெயருக்கும் பின்னால் முன்பின் தெரியாத இரண்டு பெயர்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆவாரை இலையைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஆசிரியர் இடத்தை விற்பது தனி வியாபாரம். முதல் பெயருக்கு ஒரு விலை, நான்காவது பெயருக்கு ஒரு விலை என்று டெலிகிராமில் பட்டியலே ஓடுகிறது. ரஷ்யாவில் ஒரு நிறுவனம் வெளிப்படையாகத் தளம் வைத்தே இதை விற்றது 2019-ல் அம்பலமானது. ஆக, என்னிடம் வெளியிடக் காசு, அவர்களிடம் பெயர் சேர்க்கக் காசு, இரண்டு பக்கமும் வசூல்.

இதற்குத் தீனி போடுவது நம் விதிகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தீசிஸ் கொடுக்கும் முன் கட்டாயம் ஒரு பேப்பர் என்ற 2016 விதியை யுஜிசி 2022 நவம்பரில் எடுத்துவிட்டது, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்தே இருக்கின்றன. யுஜிசி ஏற்கும் இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலையும் 2025-ல் கைவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இருந்த இதழ்களுக்கும் நகல் தளங்கள் முளைத்தன என்பது வேறு விஷயம். கைடுகளில் பாதிப் பேர் "ஸ்கோபஸா? சரி, போடு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? லிங்கை ஏஜென்டிடமிருந்து வாங்காதீர்கள், கூகுளில் முதலில் வருவதையும் நம்பாதீர்கள். ஸ்கோபஸில் அந்த இதழின் சில வருடத்துக்கு முந்தைய பேப்பர் ஒன்றை எடுத்து, அதன் டிஓஐ எந்தத் தளத்தில் கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பப்போவது வேறு தளம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். டொமைனே பறிபோன கேஸில் இது மட்டும் போதாது, அதனால் ஹூஇஸில் (டொமைன் பதிவு விவரம் காட்டும் சேவை) டொமைன் பதிவான தேதியையும் பாருங்கள், 1970-களில் தொடங்கிய இதழுக்குப் போன வருடம் வாங்கிய டொமைன் என்றால் வேறு என்ன சொல்ல. என் விஷயத்தில் இன்னும் எளிதாகத் தெரிந்திருக்கும்: ஸ்கோபஸில் வருடத்துக்குச் சில டஜன் கட்டுரைகள்தான், இவர்கள் தளத்திலோ ஒரே இதழில் எம்பிஏ, நர்சிங், மெஷின் லேர்னிங் என்று நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளத்தில் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு: சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள், சைபர் கிரைம் போர்ட்டலில் புகாரும் போடுங்கள், பணம் போன சூட்டோடு சொன்னால்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. நான் சொன்னபோது கணக்கு காலி. நிஜ எடிட்டர் அனுப்பிய மெயிலைப் பத்திரமாக வையுங்கள். வேறோர் இதழின் எடிட்டருக்கு நடந்ததை எல்லாம் எழுதி, அந்த மெயிலையும் புகார் நகலையும் இணைத்து, அனுப்பலாமா என்று முன்கூட்டியே கேட்டேன். அனுப்பச் சொன்னார், இப்போது ரெவ்யூவில் இருக்கிறது. இந்தத் தடவை ரெவ்யூவர் எட்டு கேள்வி கேட்டிருக்கிறார், அதில் நான்குக்கு லேபில் திரும்ப ரீடிங் எடுக்க வேண்டும்.