ஃபெலோ பட்டம்: விண்ணப்பித்துப் பெறுவதும் முன்மொழியப்பட்டு வருவதும்

பொறியாளர் சங்கங்கள் தரும் ‘ஃபெலோ’ பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் இரண்டு பொறியாளர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தானே படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, குழுவின் பரிசீலனையைத் தாண்டி வந்தவர். இன்னொருவர் பெற்ற பட்டத்துக்குத் தனக்காகத் தானே விண்ணப்பிக்க வழியே கிடையாது. இரண்டுமே மதிப்பானவைதான். ஆனால் முன்னது தர உயர்வு, பின்னது விருது. இதைப் பிரிக்காமல் ‘எது பெரிசு?’ என்று கேட்பவர்கள்தான் தங்களுக்குப் பொருந்தாத வாசலில் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள்.

தர உயர்வுக் குடும்பத்துக்கு வேர் பிரிட்டனில் இருக்கிறது. 1818-ல் தொடங்கிய சிவில் பொறியாளர் சங்கமான ஐசிஇ, 1847-ல் ஜார்ஜ் ஸ்டீபன்சனை முதல் தலைவராகக் கொண்டு பிறந்த மெக்கானிக்கல் சங்கமான ஐமெக்ஈ, 1871-ன் தந்திப் பொறியாளர் சங்கத்தின் வழிவந்து 2006-ல் இணைப்பின் மூலம் உருவான ஐஇடி ஆகியவை இந்த வகை. 1920-ல் தொடங்கி 1935-ல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனமும் இதே மரபுதான். இங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றே: நீங்கள் சுமந்த பொறுப்பு எவ்வளவு, எத்தனை காலம்? கோட்டைத் தாண்டினால் உள்ளே; பக்கத்தில் எத்தனை பேர் தாண்டினார்கள் என்பது உங்களைப் பாதிக்காது. ஐஇடி-யில் ‘சார்ட்டர்டு எஞ்சினியர்’ என்ற தொழில்முறைப் பதிவு இல்லாதவர்கூட ஃபெலோ ஆகலாம்.

அமெரிக்க வழக்கப்படி ஃபெலோ என்பது தேர்ந்தெடுக்கப்படுவது. இதற்கு முழு உதாரணம் மின், மின்னணுப் பொறியாளர் சங்கமான ஐ-டிரிபிள்-ஈ. ஒரு வருஷத்தில் புதிதாகத் தேர்வாகிறவர்கள் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. ஏறத்தாழ 300 பேர் தேர்வாகிறார்கள். உச்சவரம்பு இருப்பதால் நீங்கள் மோதுவது ஒரு கோட்டோடு அல்ல, அந்த வருஷத்து மற்ற கோப்புகளோடு. ஒரு வருஷம் தோற்ற அதே கோப்பு மறுவருஷம் ஜெயிப்பதும் இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், அதன் முன்னோடிச் சங்கங்களில் ஒன்றான, அமெரிக்க மின் பொறியாளர்களின் ஏஐஇஇ 1912-ல் ஃபெலோ தரத்தைக் கொண்டுவந்தபோது அங்கேயும் விண்ணப்பித்துத்தான் ஃபெலோ ஆனார்கள்.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

‘ஐ-டிரிபிள்-ஈ-யில் 0.1, கணினித் துறையின் ஏசிஎம்-மில் 1, அமெரிக்க சிவில் பொறியாளர்களின் ஏஎஸ்சிஇ-யில் 3; ஆகவே முதலாவது பத்து மடங்கு, முப்பது மடங்கு கடினம்’ என்று கணக்குப் போடுவார்கள். தப்பு. முதல் எண் ஒரே வருஷத்தில் உள்ளே வருகிறவர்களின் விகிதம். மற்ற இரண்டும் இதுவரை சேர்ந்திருக்கிற மொத்த ஃபெலோக்களின் விகிதம். குழாயில் வரும் நீரையும் தொட்டியில் நிற்கும் நீரையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. விண்வெளிப் பொறியாளர்களின் ஏஐஏஏ-வோடு ஒப்பிட்டால் கணக்கு நேராகும். அங்கே வாக்குரிமை உறுப்பினர் 1,000 பேருக்கு ஒருவர், அதாவது அதே 0.1 சதவீதம். ஆனால் சங்கம் சின்னது, ஆகவே பட்டியலும் சின்னது. அதோடு ஏஐஏஏ-வில் நடுவே ஒரு படி உண்டு: 150 பேருக்கு ஒருவர் என்ற வரம்புடைய அசோசியேட் ஃபெலோ. அதைத் தாண்டாமல் ஃபெலோ கிடையாது.

அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. முன்மொழிய ஒருவர் வேண்டும். ஆனால் அடிப்படைத் தகுதி காலக்கணக்கு: 10 ஆண்டு தொழில், 10 ஆண்டு சங்க உறுப்பினர். பலர் கோட்டைவிடுவது இரண்டாவதில்தான். முப்பது வருஷ அனுபவம் இருக்கும், சந்தா கட்டியது ஆறு வருஷமாக இருக்கும். இதற்கு எந்தச் சாதனையும் ஈடு செய்யாது.

தேசியக் கழகங்கள் தனி உலகம். பிரிட்டனின் ராயல் அகாடமி ஆஃப் எஞ்சினியரிங் 1976-ல் தொடங்கியது. ஏற்கெனவே உள்ள ஃபெலோக்கள்தான் முன்மொழிய முடியும். 1964-ல் பிறந்த அமெரிக்க நேஷனல் அகாடமி ஆஃப் எஞ்சினியரிங்கோ தேர்வானவர்களை ‘ஃபெலோ’ என்று சொல்வதே இல்லை, வெறும் ‘உறுப்பினர்’. சொல்லை வைத்து எடை போடுகிறவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள்.

முன்மொழிவுக் கோப்பு எங்கே உடைகிறது

ஐ-டிரிபிள்-ஈ-க்கு முன்மொழியப்படுபவர் அன்றைய தேதியில் ஃபெலோவுக்கு முந்தைய தரமான சீனியர் மெம்பராக இருக்க வேண்டும். 5 ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். ஐ-டிரிபிள்-ஈ-க்குள் துறைவாரியாக இயங்கும் தொழில்நுட்பச் சொசைட்டி ஒன்றில் மட்டும் அஃபிலியேட்டாக, அதாவது இணைப்பு உறுப்பினராக, இருந்த காலம் கணக்கில் வராது. சீனியர் தரத்துக்கு 10 ஆண்டு தொழில் அனுபவமும் அதில் 5 ஆண்டு குறிப்பிடத்தக்க செயல்பாடும் வேண்டும். படிப்புக்கும் சில ஆண்டுகள் அந்த அனுபவக் கணக்கில் சேரும். இதற்குத் தானே விண்ணப்பிக்கலாம். கடைசி நிமிஷத்தில் சீனியர் ஆகி உடனே முன்மொழிய நினைப்பவர்கள் அந்தச் சுற்றைத் தவறவிடுவது வழக்கம். கோப்பு வருஷத் தொடக்கத்தில் போக வேண்டும், இயக்குநர் குழு முடிவு நவம்பரில், பட்டம் அடுத்த ஜனவரி 1 முதல். முந்தைய வருஷ நடுவிலேயே வேலையைத் தொடங்கினால்தான் மூச்சுவிட முடியும்.

கோப்பின் உயிர், பட்டம் எதற்காக என்று சொல்லும் ஒற்றை வாசகம். ஆங்கிலத்தில் 15 சொல்லுக்குள் முடிய வேண்டும். ‘மின் ஆற்றல் துறையில் பல்லாண்டுகள் ஆற்றிய சிறந்த பணிக்காக’ என்று எழுதினால் தீர்ந்தது. இதே வாசகத்தை ஆயிரம் பேருக்குப் போடலாம். ‘மின்னழுத்தம் சரியும்போதும் காற்றாலை இன்வெர்ட்டர்களை வலையமைப்பில் இணைந்தே ஓடவைக்கும் கட்டுப்பாட்டு முறைகளுக்காக’ என்றால் மதிப்பீட்டாளர் உடனே இரண்டு கேள்வி கேட்கலாம்: அந்த முறை யாருடையது, யார் பயன்படுத்துகிறார்கள்? கோப்பின் மற்ற பக்கங்கள் இந்த இரண்டுக்கும்தான் பதில் சொல்ல வேண்டும். வாசகம் ஒரு பக்கம், ஆதாரம் வேறு பக்கம் போனால் மதிப்பெண் அங்கேயே இறங்கும்.

அடுத்தது பிரிவு. ஆராய்ச்சியாளர், செயல்முறைப் பொறியாளர், கல்வியாளர், தொழில்நுட்பத் தலைவர் என்று நான்கு உண்டு. ஆலையில் வேலை செய்தவரை ஆராய்ச்சியாளர் பிரிவில் போட்டால் மேற்கோள் எண்ணிக்கையில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களோடு மோதித் தோற்பார். அதே ஆளைச் செயல்முறைப் பிரிவில் போட்டால் உற்பத்தியில் இறங்கிய தயாரிப்பு, காப்புரிமை, தரநிலையில் ஏறிய விதி எல்லாம் ஆதாரம் ஆகும். எந்தச் சொசைட்டி மதிப்பிட வேண்டும் என்பதை முன்மொழிபவர் தேர்ந்தெடுக்கிறார். அந்தச் சொசைட்டியில் உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நண்பர்கள் அதிகம் உள்ள சொசைட்டியைத் தேர்வதைவிட, வேலையைப் படித்ததும் புரிந்துகொள்ளும் சொசைட்டியைத் தேர்வது மேல்.

பரிந்துரைக் கடிதங்கள் எண்ணிக்கையில் குறைந்தால் கோப்பு பரிசீலனைக்கே போகாது. ஆகவே குறைந்தபட்ச எண்ணிக்கையோடு நிற்காமல் ஒன்றிரண்டு கூடுதலாகக் கேட்டு வையுங்கள்; கடைசி வாரத்தில் ஒருவர் எப்படியும் காணாமல் போவார். எல்லாக் கடிதமும் ஒரே பல்லவியாக இருந்தால் ஒருவரே எழுதிக்கொடுத்தார் என்று தெரிந்துவிடும். கூட்டாகக் கட்டுரை எழுதியவரைவிட, வேறு நிறுவனத்தில் அந்த முறையை எடுத்து ஓட்டிப் பார்த்தவரின் கடிதத்துக்கு எடை அதிகம்.

விண்ணப்பக் கோப்பு எங்கே உடைகிறது

ஐஇடி, ஐமெக்ஈ வகையில் விழுகிற அடி வேறு. இங்கே ஆராய்ச்சிப் பட்டியலை நீட்டுவதால் பயனில்லை. ‘தலைமைத் திட்ட மேலாளர், 12 ஆண்டுகள்’ என்ற பதவிப் பெயரும் எதையும் சொல்லாது. ஒரு நிறுவனத்தில் மேலாளர் என்பவர் இன்னொன்றில் மேற்பார்வையாளர். கீழே எத்தனை பொறியாளர்கள், எவ்வளவு தொகைக்குக் கையெழுத்து அதிகாரம், எந்தத் தொழில்நுட்ப முடிவில் கடைசி வார்த்தை உங்களுடையது, அது தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பவை வேண்டும். ‘நாங்கள் செய்தோம்’ என்றே பக்கம் முழுக்க எழுதுவது நம்மவர்களின் அடக்கம். குழுவுக்கோ நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது தெரியாமல் போகும். நிறுவன அமைப்புப் படம் ஒன்றில் உங்கள் கட்டத்தைக் குறித்து இணைத்தால் இரண்டு பக்க விளக்கம் மிச்சம்.

ஆக, பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய ஒரு பங்களிப்பு, அதை வெளியாட்கள் எடுத்துப் பயன்படுத்திய தடயம் இரண்டும் இருந்தால் தேர்வு வகைக்குப் போங்கள். பெரிய அணைகள், ஆலைகள், வலையமைப்புகளைப் பொறுப்பேற்று நடத்தியும் கட்டுரை எழுத நேரமில்லாதவருக்கு விண்ணப்ப வகைதான் நியாயமான இடம். அதைக் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. செலவிலும் வித்தியாசம் உண்டு: ஐ-டிரிபிள்-ஈ முன்மொழிவுக்குக் கட்டணம் கிடையாது, ஐஇடி-யில் ஃபெலோவின் ஆண்டுச் சந்தா சாதாரண உறுப்பினரைவிட அதிகம்.

‘உங்களைக் கௌரவ ஃபெலோவாகத் தேர்ந்திருக்கிறோம், பணம் கட்டினால் சான்றிதழ் வரும்’ என்று தானாக வரும் மின்னஞ்சல்கள் மூன்றாவது வகை. மதிப்பிடுபவர் யார், விதிமுறை எங்கே வெளியாகியிருக்கிறது, யாராவது நிராகரிக்கப்பட்டதுண்டா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அழித்துவிடலாம்.

பட்டத்தைப் போட்டுக்கொள்வதிலும் முறை உண்டு. ஐஇடி ஃபெலோ தன் பெயருக்குப் பின் எஃப்ஐஇடி என்று போடலாம், சந்தா நடப்பில் இருக்கும்வரை. விட்டுவிட்டால் விசிட்டிங் கார்டை மாற்றி அச்சடிக்க வேண்டும். ஐ-டிரிபிள்-ஈ ஆய்விதழ்களில் பெயரை அடுத்து ‘ஃபெலோ, ஐ-டிரிபிள்-ஈ’ என்று அச்சாவது வழக்கம். ஆனால் நவம்பரில் சேதி வந்த கையோடு போட்டுக்கொள்ளக் கூடாது. ஜனவரி 1 வரை நீங்கள் சீனியர் மெம்பர்தான்.